மெதுவா வாங்க, சிந்திப் போயிரும்

அக்கா,

இன்று காலை காப்பிக்குப் பால் வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் என் மகன் வீடு மூன்றாவது மாடியில் என்பது உனக்குத் தெரியும். கீழே வாசலில் புதிதாக ஒரு வாட்ச்மேன் வந்திருக்கிறார், நம் பாலக்காட்டுப் பக்கம். அவர் படிக்கட்டில் நின்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார். "அம்மே, வெள்ளம் வந்நூ."

மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை. மருமகள் ஓடி வந்து, "ஏனுங்கத்தே, என்னாச்சுங்? தண்ணி லாரிதானுங் வந்திருக்குது" என்றாள். தலை சுற்றல் என்று சொல்லிவைத்தேன். உடனே பிரஷர் மாத்திரையைத் தேடப் போய்விட்டாள், நல்ல பெண். லாரிக்காரன் எந்தக் குளத்தில் பிடித்தானோ, தொட்டியில் தண்ணீர் விழ விழச் சேற்று வாசம் படியேறி வந்தது. அந்த வாசத்தையும் அந்தச் சொல்லையும் சேர்த்து வைத்தால் என்ன வருமென்று அறிந்தவர்கள் இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் மிச்சம் இருந்தோம். போன மாசியில் நீயும் போய்விட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். மருமகளிடம் சொன்னால் இன்னொரு மாத்திரை கொடுப்பாள்.

உனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எலப்புள்ளிப் பக்கம் நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். எனக்குப் பயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதும் அவர்கள் சொன்னதுதான். இரண்டும் பொய் இல்லை. அட்டை, தண்ணீர்ப் பாம்பு, பாசி வழுக்கல், ஆழமான மடு, மடுவில் காலைப் பிடித்து இழுப்பதாகச் சொல்லப்பட்ட எதுவோ ஒன்று, எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். கதிர் அறுப்பு முடிந்ததும் அய்யனும் சித்தப்பன்மாரும் வலையை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றுக்குப் போவார்கள் அல்லவா, அந்த நாள் வருகிறது என்றாலே போகாமல் இருக்க ஒரு சாக்குத் தேடுவேன். அம்மாவும் சித்திகளும் கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, மசால் அரைத்து வைத்துக்கொண்டு மீனுக்குக் காத்திருப்பார்கள். பெண்பிள்ளைகள் மீனைக் கழுவலாம், பிடிக்கக் கூடாது. நீ மட்டும் அய்யனின் மூங்கில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பாவாடையை இழுத்துச் செருகியபடி இறங்கிவிடுவாய். "பொட்டப்புள்ளைக்குத் தூண்டி எதுக்கு" என்று அய்யன் முதல் வருசம் கேட்டார். அடுத்த வருசம் அவரே மயிலிறகுத் தண்டை நறுக்கி, தூண்டில் நூலில் மிதக்கவிட உனக்குத் தக்கை செய்து கொடுத்தார். வலை போட்டவர்களுக்குக் கிடைத்த கெளுத்தியைவிட உன் முள்ளில் விழுந்த கெண்டை பெரிதாக இருந்ததுதான் காரணம்.

நீ தண்ணீரில் இறங்கும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தாய். திரும்பிப் பார்க்காமலே கேட்பாய். "அம்மிணி, கரையில இருக்கறயா?"

"இருக்கறனுங்க்கா" என்பேன்.

அதைக் கேட்டபிறகுதான் அடுத்த அடி வைப்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைக் கிண்டல் செய்கிறாய் என்றுதான் நானும் நினைத்தேன். செய்யத்தானே செய்தாய். "உன்ற பயத்தையெல்லாம் ஒரு டப்பாவுல அடைச்சா மண்புழுவே தோண்ட வேண்டாம் புள்ளே, மீனு தானா வந்து விழும்" என்று உன் கல்லூரிச் சிநேகிதி ஜமீலாவிடம் சொன்னவள் நீதானே.

பாலக்காட்டுக் கல்லூரியில் நீ சேர்ந்தபிறகு வீட்டுக் கூட்டம் போதாமல் கல்லூரிக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஜமீலா டவுனில் ஜவுளிக்கடைக்காரர் மகள். வீட்டில் உருதுவா என்று யாராவது கேட்டால் "எங்க ராவுத்தர் ஊட்டுல தமிழ்தாங்க" என்று முறைப்பாள். விசாலம் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி. மீன் வாசமே அவளுக்கு ஆகாது. ஆனாலும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி எல்லாவற்றுக்கும் வருவாள். வகுப்பில் உன் பக்கத்து இடத்தை விட்டுக்கொடுக்காத மாதிரி ஆற்றிலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

அந்த ஐப்பசியில், கல்லூரி விடுமுறை நாளில், பஸ்ஸில் வாளையார்ப் பக்கம் போனோம். செக்போஸ்ட்டில் சிமெண்ட் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் பாதி வழியிலேயே இறங்கி நடந்தோம். பெண்பிள்ளைகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால் அத்தை மகன் துணைக்கு வந்தார். உடுமலைப்பேட்டையிலிருந்து விருந்துக்கு வந்திருந்தவர். உனக்குத்தான் அவரைப் பேசியிருந்தார்கள். நீ இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் அவர் நாள் முழுவதும் உன் மண்புழு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வெயில் நல்ல வெயில். நம் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. வடக்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. நான் சொன்னேன். "அக்கா, மலையில மழை பெய்யுதாட்டம் இருக்குது."

"மலையில பெஞ்சா மலை நனையும். நீ எதுக்குக் கொடை தேடற" என்றாய்.

ஆற்றில் கெண்டைக்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் ஒரு பாறை, ஆமை முதுகு மாதிரி. அதற்கு அப்பால் ஆழமான மடு. மடுவில் விரால் இருக்கிறது என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஜமீலாவும் விசாலமும் கல் மேல் கல்லாகத் தாவிப் பாறைக்குப் போய்விட்டார்கள். நான் வழக்கம்போலக் கரையில் உட்கார்ந்தேன். நீ விடவில்லை. "எத்தனை நாளைக்கு இப்படியே உக்காந்திருப்பே? கல்யாணமாகிப் போனாக் கெணத்தடிக்குக் கூடப் போகமாட்டயாட்டம் இருக்குது. வா கம்முனு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாய். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கரையை விட்டு வந்தேன். போகும்போது பின்னால் திரும்பிப் பார்த்தேன். கரையில் யாரும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தாகம் எடுத்தது. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க விசாலம் ஒப்பவில்லை. மேலே வளைவு தாண்டி மரவள்ளித் தோட்டத்தில் ஒரு வீடும் கிணறும் இருந்தன. பித்தளைப் போசியை எடுத்துக்கொண்டு அத்தை மகன் போனார். வாளி மாதிரிக் கைப்பிடி போட்ட போசி, நம் அம்மா சீராகக் கொண்டுவந்தது.

எனக்கு முதலில் வாசம்தான் வந்தது. பச்சை இலையும் சேறும் கலந்த ஒரு குளிர்ந்த வாசம். "அக்கா, என்னமோ வாசம் அடிக்குது" என்றேன். "அது விசாலத்துத் தயிரு" என்றாய். பிறகு தக்கையைப் பார்த்தேன். அது நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கமாகவே இழுபட்டது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு, "விராலு, பேசாதீங்க" என்றாய். தண்ணீர் மேல் சருகும் நுரையும் கட்டெறும்புகளும் மிதந்து வந்தன. தாவி வந்த கற்களில் ஒன்றைக் காணவில்லை. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பவள் என்பதால் யாரும் தலையைத் திருப்பவில்லை.

அப்போதுதான் வளைவில் அவர் ஓடிவருவது தெரிந்தது. போசியைப் பிடித்த கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு கத்தினார். "வெள்ளம் வருது. வெள்ளம் வருது."

உடுமலைப்பேட்டையில் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான். ஆற்றில் பெருகி வருவது. நமக்கு அப்படியா? பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கடையில், நம் ஊரில் எங்கே போனாலும் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். விசாலத்தின் வீட்டிலோ சோறுண்ண உட்கார்ந்தாலே அந்தச் சொல்தான். மலையிலிருந்து பெருகி வருவதற்கு நம் ஊர்ப் பேச்சில் மலவெள்ளம், அப்படி அவர் கத்தியிருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்போம். அவருக்கு அந்தப் பேச்சுத் தெரியாது.

விசாலம்தான் முதலில் எழுந்தாள். "வெள்ளம் வந்தாச்சா? எனிக்குத்தான் முதல்ல."

நீ தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தாய். "மெதுவா வாங்க மாமா. ஓடி வந்தாச் சிந்திப் போயிரும்."

மூன்று பேரும் சிரித்தீர்கள். அத்தனை பயம் பிடித்த எனக்கும் சிரிப்பு வந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் நடுக்கமாக இருக்கிறது. அவர் இன்னும் உரக்கக் கத்தினார். தண்ணீர்ச் சத்தம் கூடிக்கொண்டே வந்ததால் மற்றதெல்லாம் காதில் விழவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "வெள்ளம், வெள்ளம்." ஜமீலா இரண்டு கையையும் வாய்க்கு நேராகக் குவித்துக் குடிக்கிற மாதிரி காட்டி, "கொண்டாங்க, கொண்டாங்க" என்றாள்.

கரைக்கு வந்தவர் கல் தடுக்கி விழுந்தார். போசி கையை விட்டுத் தெறித்து, கரைக்கல்லில் மோதி, கணகணவென்று உருண்டது. அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

நீ அதைப் பார்த்தாய். உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "போசியில தண்ணி இல்ல" என்று மெதுவாகச் சொன்னாய். பிறகுதான் தலையைத் திருப்பி ஆற்றின் மேல்பக்கம் பார்த்தாய்.

செம்மண் நிறத்தில், முறிந்த மரமும் குப்பையும் சுமந்துகொண்டு வளைவை நிறைத்தபடி வந்தது. ரொம்ப உயரம் இல்லை. ஆனால் நிற்காமல் வந்தது. நாம் எழுந்து நிற்பதற்குள் கரைக்கும் பாறைக்கும் நடுவே இருந்த கற்கள் எல்லாம் மறைந்துவிட்டன. மறுபக்கம் மடு. நம்மில் உனக்கு மட்டும்தான் நீச்சல் தெரியும். ஜமீலா சத்தமில்லாமல் ஓத ஆரம்பித்தாள். விசாலம் என் தோளைக் கட்டிக்கொண்டு, "எனிக்கு அம்மாவைப் பாக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாழ்நாள் முழுவதும் எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன், அதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் வேட்டியை அவிழ்த்தார். துண்டை அதோடு முடிந்து, ஒரு நுனியைப் புங்க மரத்து வேரில் கட்டி, மறுநுனியைப் போசியின் கைப்பிடியில் இறுக்கிப் பாறையைப் பார்த்து வீசினார். இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தது. பிறகு உன் கையில் வந்தது. பாறையில் பிடித்து நிற்க நீளம் போதவில்லை என்றதும் நம் தாவணிகளை உருவி முடிந்து நீளமாக்கினாய். பட்டாப்பட்டி டவுசரோடு அவர் நின்ற கோலத்தைச் சொல்லிச் சொல்லி ஜமீலா பின்னால் எத்தனையோ வருசம் சிரித்தாள். அந்த நேரத்தில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

"அம்மிணி, நீ முன்னால போ" என்றாய்.

"நான் மாட்டனுங்க்கா. உன்ற கூடயே இருக்கறேன்."

என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாய். உன் விரல் சில்லென்று இருந்தது. "நீ கரையில இருந்தாத்தான் புள்ளே எனக்குத் தைரியம். எந்நாளும் அப்படித்தான். போ."

அதுவரை எனக்கு அது தெரியாது. அத்தனை வருசமாக நீ கேட்டது கிண்டல் இல்லை என்று அந்தப் பாறையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். இடுப்பளவு தண்ணீரில் எப்படி இறங்கினேன், துணியை எப்படிப் பிடித்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. அத்தை மகன் என் சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அடுத்து விசாலத்தைத் தள்ளிவிட்டாய், அவளுக்குப் பின்னால் ஜமீலா. ஜமீலா கரையேறும்போது பாறையின் மேல் உன் கணுக்கால்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கெல்லாம் பாறைப்பக்கத்து நுனியை நீ பிடித்திருந்தாய். உனக்குப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. போசியை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தாவணி நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டாய். குதிக்கும் முன் என்னைப் பார்த்தாய். ஏதோ கேட்டாய், சத்தத்தில் கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தொண்டை கிழியக் கத்தினேன். "இருக்கறனுங்க்கா. கரையில இருக்கறேன்."

உன் தலை உள்ளே போய்விட்டது. சிவப்புத் தண்ணீர் மட்டும் ஓடியது. துணி விறைத்து நின்றது. நாங்கள் நான்கு பேரும் இழுத்தோம். விசாலம்கூட மரத்தில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். முடிச்சு ஒன்று கிழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் நான் செத்துப்போனேன் அக்கா, அப்படித்தான் சொல்லவேண்டும். கிழிந்தது ஓரம்தான், முடிச்சு நின்றது. முதலில் உன் முடி தெரிந்தது. பிறகு கை. கரையில் இழுத்துப் போட்டபோது கண்ணைத் திறக்காமல் சேற்றைத் துப்பினாய். கையால் தரையைத் தடவி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாய். ரொம்ப நேரம் விடவில்லை.

வீட்டில் அய்யன் முறுக்கிக் கிடந்த தாவணிகளைப் பார்த்தார், தூண்டில் இல்லாததைப் பார்த்தார். "தூண்டி போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக் கட்டுத்தறிக்குப் போனார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. அம்மா போசியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தை மாதம் நீ அவரைக் கட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குப் போனாய். ஊரெல்லாம் சந்தோசப்பட்டது. உனக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். அதன்பிறகு நீ ஆற்றில் இறங்கவில்லை. பாலத்தின் மேல் பஸ் போகும்போது கண்ணை மூடிக்கொள்வாய். நீ போன ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, அதுவே உனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. போன் வந்தபிறகு மலைப்பக்கம் மின்னினாலே கூப்பிடுவாய். "ஊட்டுலதான இருக்கற?" அவ்வளவுதான் கேட்பாய். இருக்கிறேன் என்றதும் வைத்துவிடுவாய். மாமா இருந்தவரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் சொம்பைக் கொண்டுவரும்போதெல்லாம், "மெதுவா வா, சிந்திப் போயிரும்" என்று உன்னைச் சீண்டுவார். நீ சிரிப்பாய். சிரித்துக்கொண்டே சொம்புக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் காலையை நினைக்கக் கூடாது என்று இருந்தேன். இன்றைக்கு வாட்ச்மேன் நினைக்க வைத்துவிட்டார். உனக்குக் கண் திறக்க முடியவில்லை. மலையாளத்து நர்ஸ் பெண், பாவம், பிரியமாகத்தான் குனிந்து கேட்டாள். "அம்மச்சீ, குறச்சு வெள்ளம் வேணோ?"

உன் உடம்பு முழுவதும் விறைத்தது. கை போர்வையைத் தடவி என்னைத் தேடிப் பிடித்தது. பல நாளாகப் பேச்சே வராத வாயிலிருந்து அது வந்தது. "அம்மிணி, கரையில இருக்கறயா?"

நர்ஸின் கையைப் பார்த்தேன். டம்ளர் இருந்தது. டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. உன் காதுக்குக் குனிந்து சொன்னேன். "இருக்கறனுங்க்கா. இது தண்ணிதானுங்க்கா, டம்ளர்ல இருக்குது. நான் பாத்துட்டேன்." உன் விரல்கள் தளர்ந்தன. ஒரு மடக்குக் குடித்தாய்.

மருமகள் மாத்திரையோடு வந்தபோது நான் அடுப்படியில் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி நின்றது, குழாய் நின்றது, தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்த பிறகும் கம்பியை விட முடியவில்லை. யாராவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். அதனால் நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"தண்ணிதானுங்க்கா."

மருமகள் என்னைப் பார்த்தாள். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.